வன்னிக் கோயில்களின் பழைய கால் ஓர்கன்: அறிகுறி கண்டு பிழை நீக்கும் வழிமுறை

வட இலங்கையிலுள்ள எங்கள் வன்னியின் கத்தோலிக்கக் கோயில்களில் மூத்தவர்கள் ஓர்கன் என்று சொல்வது பெரும்பாலும் குழல் ஓர்கனை அல்ல. இரண்டு மிதிகளைக் காலால் மாறி மாறி அழுத்த, உள்ளே துருத்தி இயங்கி, பித்தளை நாக்குகள் அதிர்ந்து ஒலிக்கும் மரப்பெட்டியையே அவர்கள் அப்படி அழைக்கிறார்கள். ஐரோப்பியப் பேராலயங்களில் ஆயிரக்கணக்கான குழல்களோடு நிற்கும் ஓர்கனை வாங்கவோ வைக்கவோ முடியாத சிறிய கோயில்களுக்காகவே இந்தக் கருவி பெருகியது. அலெக்சாந்தர் டெபேன் என்பவர் 1842இல் பாரிஸில் ‘ஆர்மோனியம்’ என்ற பெயரில் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் அமெரிக்காவில் பொஸ்டன் நகரின் மேசன் அன்ட் ஹாம்லின், வெர்மொன்ட் மாநிலத்தின் எஸ்டி முதலிய நிறுவனங்கள் சற்று வேறான முறையில் இதைச் செய்தன. எஸ்டி நிறுவனம் மட்டும் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட ஓர்கன்களைச் செய்து விற்றது. மறைப்பணியாளர்களோடு இவை உலகின் பல மூலைகளுக்கும் கப்பலேறின.

1990க்குப் பின் வன்னியின் பெரும்பகுதி மின்சாரமே இல்லாமல் கிடந்த ஆண்டுகளில், பற்றரிக்கும் மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு நிலவிய காலத்தில், மின்சாரம் கேட்காத இந்தப் பெட்டிதான் பல இடங்களில் பூசைக்குத் துணை நின்றது. இடப்பெயர்வின்போது தூக்கிச் செல்ல முடியாமல் விடப்பட்டவையும், மீள்குடியேற்றத்தின் பின் கூரையில்லாத கட்டிடங்களில் கண்டெடுக்கப்பட்டவையும் உண்டு. அவற்றில் ஒன்றைத் திருத்த முன்வருபவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பழுது என்று ஒதுக்கப்பட்ட ஓர்கன்களில் நான் திறந்து பார்த்தவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு நோய் இரண்டுதான்: காற்றுக் கசிவு, தூசி. அவற்றைவிடப் பெரிய சேதத்தை, காரணம் அறியாமல் கைவைத்த திருத்தங்களே செய்திருந்தன. ஆகையால் ஒவ்வோர் அறிகுறிக்கும் முதலில் காரணத்தைத் தேடுங்கள். பின்னர் வருபவர் கழற்றித் திருத்தக்கூடிய வேலையை மட்டுமே செய்யுங்கள்.

திறப்பதற்கு முன்

கைவிடப்பட்ட கட்டிடத்திலிருந்து எடுத்த ஓர்கனாக இருந்தால், அடிப்பலகையைக் கழற்றுமுன் வெளிச்சம் பாய்ச்சி உள்ளே பாருங்கள். அடையாளம் தெரியாத உலோகப் பொருள் எதுவும் கிடந்தால் கருவியை அசைக்காமல் விலகி, பொலிஸாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பிரிவினருக்கோ அறிவியுங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

அடுத்து, கருவி எந்த வகை என்று தெரிந்துகொள்ள வேண்டும். பிரெஞ்சு முறை ஆர்மோனியம் காற்றைத் தள்ளும். மிதிக்கும்போது அதன் காற்றுப்பெட்டி விரியும். அமெரிக்க முறை ஓர்கன் காற்றை உறிஞ்சும். மிதிக்கும்போது அதன் காற்றுப்பெட்டி சுருங்கி, உள்ளிருக்கும் ஸ்பிரிங் அதை மீண்டும் விரிக்கப் பார்க்கும். கட்டைகளைப் பார்த்தும் ஓரளவு சொல்லலாம்: இரண்டிலும் பெரும்பாலும் 61 கட்டைகள் இருக்கும், ஆனால் இடது ஓரத்துக் கடைசிக் கட்டை பிரெஞ்சு முறையில் சி ஆகவும் அமெரிக்க முறையில் எஃப் ஆகவும் அமைவதே வழக்கம். கீழே சொல்லப்படுவது முதன்மையாக அமெரிக்க முறைக்குப் பொருந்தும். வேறுபடும் இடத்தில் குறிப்பிடுகிறேன்.

கழற்றும் ஒவ்வொரு திருகாணியையும் அதன் துளையின் பெயரெழுதிய கடதாசி உறையில் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். பலகைகளின் உட்புறத்தில் பென்சிலால் எழுதிய எண்களோ கையொப்பங்களோ இருந்தால் அவற்றைத் துடைக்க வேண்டாம். தொழிற்சாலையின் தொடரிலக்கத்தை வைத்து ஓர்கன் செய்யப்பட்ட ஆண்டை நெருங்கிச் சொல்ல முடியும். கோயிலின் பதிவேடுகள் எரிந்துபோன ஊரில் அந்த இலக்கம் ஒன்றே எஞ்சிய சான்றாக இருக்கலாம்.

பருவத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். வன்னியில் வைகாசி முதல் புரட்டாதி வரை சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில் மரம் உலர்ந்து சுருங்குகிறது. ஐப்பசியில் மழை இறங்கி வாடைக்காற்று வீசத் தொடங்கியதும் அதே மரம் ஈரம் குடித்து ஊதுகிறது. மடுமாதாவின் ஓகஸ்ட் 15 திருவிழாவுக்கு ஒத்திகை பார்க்கும்போது காற்று நிற்காத ஓர்கன், நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு ஒத்திகை பார்க்கும்போது கட்டை எழாமல் அடம்பிடிப்பது இதனால்தான். நான் முதன்முதலில் திருத்திய ஓர்கனை ஆவணியில் ஒப்படைத்தபோது, அந்தக் கோயிலின் மூப்பர் வாசித்துப் பார்த்துவிட்டு, “மாரியிலை வந்து பாரும் தம்பி, அப்பதான் இதின்ரை குணம் தெரியும்” என்றார். மார்கழியில் போய்ப் பார்த்தேன். பதினொரு கட்டைகள் கீழே இறங்கியவாறு கிடந்தன. அன்றிலிருந்து ஒரு கருவியை இரண்டு பருவத்திலும் பார்க்காமல் வேலை முடிந்தது என்று நான் சொல்வதில்லை.

அறிகுறி: மிதி வெறுமையாக இறங்குகிறது, ஒலியே இல்லை

காலுக்கு எந்த எதிர்ப்பும் தெரியாவிட்டால் முதலில் மிதியையும் துருத்தியையும் இணைக்கும் வாரைப் பாருங்கள். அறுந்த வார் மிகச் சிறிய பழுது. பருத்தி நாடாவையோ, பழைய பாடசாலைப் பையின் பட்டியையோ அதே நீளத்துக்கு வெட்டிக் கட்டலாம். நீளம் முக்கியம்: கூடினால் மிதி தரையில் தட்டும், குறைந்தால் துருத்தி முழுவதும் விரியாது.

வார் சரியாக இருந்தும் எதிர்ப்பு இல்லையென்றால் துருத்தித் துணி கிழிந்திருக்கிறது. எலியின் வேலையாக இருக்க வாய்ப்பு அதிகம். எலி நுழையாதபடி மிதிகளுக்குப் பின்னே உலோகத் தகடு வைத்து விற்ற நிறுவனங்கள் இருந்தன, ஆனால் நூறு ஆண்டுகளில் அந்தத் தகடு துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். உள்ளே நெல் உமியும் பாட்டுத்தாள் துண்டுகளும் கொண்டு கட்டிய கூட்டை நீங்களும் காண்பீர்கள். முகமூடியும் கையுறையும் அணிந்து அதை அகற்றுங்கள். வன்னி வயல்வெளிகளில் எலிக்காய்ச்சல் இருப்பதால் இதை வலியுறுத்துகிறேன்.

பழைய துணி இறப்பர் பூசிய பருத்தித் துணி. அது விறைத்து, மடிப்புகளில் வெடித்திருந்தால் ஒட்டுப்போடுவதில் பயனில்லை, முழுவதும் மாற்ற வேண்டும். தட்டுப்பாட்டுக் காலத்தில் எங்கள் ஆட்கள் சைக்கிள் ரியூப்பை வெட்டி சொலூஷன் பூசி ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் கைகளை நான் மதிக்கிறேன்; அவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கருவிகள் விறகாகியிருக்கும். ஆயினும் இறப்பரிலிருக்கும் கந்தகம் பித்தளையைக் கறுக்கச் செய்யும் என்பதால், நாக்குகளுக்கு அருகில் அந்த ஒட்டுகளை விட்டுவைக்க வேண்டாம். புதிய துணியை ஒட்ட, தச்சர்கள் முன்பு பயன்படுத்திய வச்சிரத்தையே காய்ச்சிப் பூசுங்கள். வெந்நீர் பட்டால் அது இளகும். அடுத்த தலைமுறை மரத்தை உடைக்காமல் துணியைக் கழற்ற முடியும். கடையில் வாங்கும் வெள்ளைப் பசையும் சிலிக்கனும் அந்த வழியை அடைத்துவிடும்.

அறிகுறி: ஒலி வருகிறது, ஆனால் ஓயாமல் மிதிக்க வேண்டியிருக்கிறது

நாக்கு வரிசைகளைத் திறந்து மூடும் இழுகுமிழ்களான ஸ்டொப்புகள் எல்லாவற்றையும் உள்ளே தள்ளி, காற்றுப்பெட்டி முழுவதும் சுருங்கும்வரை மிதித்துக் காலை எடுங்கள். பெட்டி மெல்ல மெல்ல விரிந்து பழைய நிலைக்கு வர எவ்வளவு நேரமாகிறது என்று எண்ணுங்கள். அரை நிமிடத்துக்கு மேல் தாக்குப்பிடித்தால் நான் திருப்தியடைவேன். பத்து வினாடிக்குள் விரிந்துவிட்டால் கசிவு பெரியது.

கசிவைத் தேடச் சிறந்த கருவி காதுதான். கோயிலில் ஆளில்லாத பிற்பகலில், ஒருவர் மிதிக்க மற்றவர் பலகை இணைப்புகளின் ஓரமாகக் காதை வைத்து நகர்ந்தால் சீறல் ஒலி இடத்தைக் காட்டிக்கொடுக்கும். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி அதன் புகை எங்கே உள்ளிழுக்கப்படுகிறது என்றும் பார்க்கலாம். நெருப்புப் பொறி உலர்ந்த மரத்திலோ எலிக்கூட்டிலோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சோளகக் காலத்தில் மட்டும் வரும் கசிவு பெரும்பாலும் காற்றறையின் மேற்பலகையைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தளர்ந்ததால் வருவது. மரம் சுருங்கும்போது திருகாணியின் பிடி விடுகிறது. ஒவ்வொன்றாகக் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். முழுப் பலத்தோடு முறுக்கினால் உலர்ந்த மரத்தில் புரி கிழிந்துவிடும். இறுக்கிய பின்னும் சீறினால் இணைப்பிலுள்ள தோல் கெட்டிருக்கிறது. மெல்லிய ஆட்டுத்தோல் வேண்டும். மிருதங்கம், தவில் வார்ப்பவர்களிடம் கேட்டால் தோலின் தடிப்பை விரலாலேயே அளந்து சொல்வார்கள். தோலின் சொரசொரப்பான புறம் மரத்தோடு ஒட்ட, வழுவழுப்பான புறம் வெளியே இருப்பதா, மாறி இருப்பதா என்பதைப் பழைய தோலைப் பார்த்தே முடிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு மிதிக்கும் காற்று நின்று நின்று வந்தால், துருத்திப் பலகையின் துளைகளை மூடும் மடல் வால்வுகளைப் பாருங்கள். தோல் மடல் சுருண்டு துளையை முழுமையாக மூடாவிட்டால், எடுத்த காற்றில் பாதி திரும்பிவிடும். இது மலிவான திருத்தம்.

பிரெஞ்சு முறை ஆர்மோனியத்தில் ஒலி காலோடு சேர்ந்து ஏறி இறங்கினால், பழுது என்று எண்ணுமுன் ‘எக்ஸ்பிரஷன்’ என்ற ஸ்டொப் இழுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது காற்றுப்பெட்டியை விலக்கிவிட்டுக் காலின் அழுத்தத்தை நேரே நாக்குக்கு அனுப்புவது. உணர்ச்சியோடு வாசிக்கவென்றே அமைக்கப்பட்டது.

அறிகுறி: ஒரு சுரம் தானாக ஒலித்துக்கொண்டே இருக்கிறது

மாரியில் அதிகம் கேட்கும் முறைப்பாடு இது. கட்டையை விரலால் தூக்கிப் பாருங்கள். தூக்கியதும் ஒலி நின்றால் கட்டைதான் ஊதி, பக்கத்துக் கட்டையோடோ வழிகாட்டும் கம்பியோடோ உரசுகிறது. மரத்தைச் சீவ வேண்டாம். மாரியில் சீவிய கட்டை கோடையில் ஆடும். கம்பியின் துருவைத் துடைத்து, துளையிலுள்ள கம்பளித் துணியை மெல்ல அமுக்கி இடம்கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

கட்டையைத் தூக்கியும் ஒலி நிற்காவிட்டால் பழுது கீழே இருக்கிறது. கட்டைக்கும் வால்வுக்கும் இடையில் நிற்கும் சிறிய மரக்குச்சி ஈரத்தில் ஊதித் துளையில் சிக்கியிருக்கலாம். அந்தக் குச்சியை வெளியே எடுத்து, உலர்ந்த அறையில் இரண்டு நாள் வைத்துப் பென்சில் கரியைப் பூசித் திருப்பிப் போடுங்கள். எண்ணெய் பூசினால் அது தூசியைப் பிடித்து அடுத்த மாரியில் பசையாகிவிடும். இரண்டும் இல்லையென்றால் வால்வின் தோலுக்கும் மரத்துக்கும் இடையில் ஒரு மணல் துகளாவது மரத்தூளாவது நிற்கிறது, அல்லது வால்வின் ஸ்பிரிங் இடம் விலகியிருக்கிறது. கட்டையைப் பலமுறை சுண்டி விடுவதாலேயே துகள் விழுந்துவிடுவதும் உண்டு.

அறிகுறி: ஒரு சுரம் மட்டும் ஒலிக்கவில்லை

பித்தளைச் சட்டத்தின் நடுவிலுள்ள நீள்துளைக்குள் ஒரு மெல்லிய நாக்கு, ஓரங்களைத் தொடாமல், ஊசலாட வேண்டும். நாக்குக்கும் சட்டத்துக்கும் உள்ள இடைவெளி தலைமயிர் அளவே. அதில் ஒரு தூசி நுழைந்தால் நாக்கு ஊமையாகிவிடும். ஆகவே ஒலிக்காத சுரத்தைக் கண்டால் நாக்கு முறிந்துவிட்டதென்று எண்ண வேண்டாம்.

நாக்கும் சட்டமும் சேர்ந்ததே ரீட். அமெரிக்க முறையில் அதை அதன் அறையிலிருந்து கொக்கியால் முன்னோக்கி இழுத்தெடுக்கலாம். பிரெஞ்சு முறையில் ரீட்டுகள் திருகாணியால் பிடிக்கப்பட்டிருக்கும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். எல்லாவற்றையும் எடுத்துத்தான் ஆகவேண்டுமென்றால், பலகையொன்றில் இலக்கமிட்டு வரிசையாகக் குத்தி வையுங்கள். ஒரு கோயிலில் 122 ரீட்டுகளையும் ஒரே வாளிக்குள் போட்டுக் கழுவிய பின் என்னை அழைத்தார்கள். அவற்றை ஒவ்வொன்றாக ஒலித்துப் பார்த்து உரிய இடத்தில் வைக்க நான்கு நாட்கள் ஆயின.

எடுத்த ரீட்டை உலர்ந்த மென்தூரிகையால், நாக்கின் அடியிலிருந்து நுனியை நோக்கித் தூசி தட்டுங்கள். நாக்கை மேலே வளைக்க வேண்டாம். மெல்லிய கடதாசியை இடைவெளிக்குள் நுழைத்து மெல்ல இழுத்தால் சிக்கிய துகள் வந்துவிடும். பச்சைக்களிம்பு தடித்திருந்தால் இளஞ்சூட்டு மழைநீரில் சிறிது சோப்புக் கலந்து கழுவி, உடனே துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் நாக்குகளைப் புளியிட்டுத் தேய்த்துப் பளபளக்கச் செய்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். புளியின் அமிலம் பித்தளையின் மேற்பரப்பைக் கரைக்கும். விளக்குக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் நாக்கின் தடிப்பே அதன் சுருதி. பளபளப்பான நாக்குகளோடு, ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சுரங்களோடு ஓர் ஓர்கன் என் முன் நின்றபோது, அதைச் செய்த இளைஞர்கள் எவ்வளவு அன்போடு மினக்கெட்டிருக்கிறார்கள் என்பது தெரிந்ததால் என்னால் கோபப்படக்கூட முடியவில்லை.

ரீட்டுகளுக்கிடையில் குளவிகள் களிமண் கூடு கட்டியிருப்பதையும் காணலாம். ஈரம் தடவாமல் காய்ந்த கூட்டை மூங்கில் குச்சியால் பெயர்த்தெடுங்கள். நனைத்தால் அந்தச் சேறு வால்வுகளுக்குள் இறங்கிவிடும்.

அறிகுறி: பாதிக் கட்டைகள் ஊமை

இது பெரும்பாலும் பழுதே அல்ல. இந்த ஓர்கன்களில் ஒரு ரீட் வரிசை இடப்பாதி, வலப்பாதி என்று பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பாதிக்கும் தனி ஸ்டொப் இருக்கும். அமெரிக்க ஓர்கன்களில் இடப்பக்க ‘டயபேசன்’ இழுத்து வலப்பக்க ‘மெலோடியா’ இழுக்காவிட்டால் வலப்பாதி பேசாது. இரண்டையும் இழுங்கள். குமிழ் அசைந்தும் ஒலி மாறாவிட்டால், பின்னாலுள்ள மரத் தண்டின் இணைப்பு முள் விழுந்திருக்கும். பெட்டிக்குள் எங்காவது கிடக்கும், தேடிப் பொருத்துங்கள்.

‘வொக்ஸ் ஹியூமானா’ இழுத்தும் ஒலி நடுங்காவிட்டால் பின்புறத்தில் காற்றால் சுழலும் அட்டை விசிறி சிக்கியிருக்கிறது. கையால் ஒருமுறை சுற்றிவிட்டுப் பாருங்கள்.

அறிகுறி: மற்றவற்றோடு சுருதி சேரவில்லை

மிகுந்த பொறுமை வேண்டிய இடம் இது. திருத்துபவர்கள் பெரும் தவறு செய்வதும் இங்கேதான். ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

ஓர்கன் முழுவதும் மின் கீபோட்டோடு ஒத்துப்போகவில்லை, ஆனால் தன்னளவில் இனிமையாக ஒலிக்கிறது என்றால் அது பழுதடையவில்லை. தன் காலத்துச் சுருதியில் நிற்கிறது. இன்று உலகெங்கும் வழங்கும் ஏ = 440 (ஏ என்ற சுரம் வினாடிக்கு 440 முறை அதிர்வது) என்ற அளவு 1939இல் இலண்டனில் கூடிய சர்வதேச மாநாட்டில்தான் ஏற்கப்பட்டது. பிரான்ஸ் 1859இல் சட்டம் இயற்றி 435 என்று வைத்திருந்தது. இங்கிலாந்தில் அதே நூற்றாண்டில் 452 வரை ஏறிய உயர் சுருதி வழக்கில் இருந்தது. 435க்கும் 440க்கும் உள்ள வேறுபாடு அரைச்சுரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 452க்கும் 440க்கும் உள்ளது அரைச்சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி. இந்த இடைவெளியை நிரப்ப எல்லா நாக்குகளையும் சுரண்டினால், உலோகம் போனது போனதுதான். கீபோட்டின் சுருதியை மாற்றும் பொத்தானை அழுத்த ஒரு வினாடி போதும். கருவி பழைய சுருதியில் இருக்கட்டும், கீபோட் அதற்கு இறங்கிவரட்டும். பாடகர் குழுவினருக்கு இதை விளக்கிச் சொல்வது நாக்கைச் சுரண்டுவதைவிடச் சிரமமாக இருக்கலாம், ஆனாலும் சொல்லுங்கள்.

இரண்டாவதாக, ஒரு குறிப்பிட்ட ஸ்டொப்பை இழுத்தால் மட்டும் ஒலி அலை அலையாக அடிக்கிறதென்றால் அதன் பெயரைப் படியுங்கள். ‘செலஸ்ட்’ என்றோ ‘வொக்ஸ் ஜூபிலாந்தே’ என்றோ இருந்தால், அந்த வரிசை வேண்டுமென்றே சற்று விலக்கிச் சுருதி வைக்கப்பட்டது. இரண்டு வரிசைகளின் நுண்ணிய வேறுபாட்டால் எழும் அந்த அலையே அதன் அழகு. அதைப் பிழையென்று எண்ணி நேராக்கிவிட்ட ஓர்கன்கள் இருக்கின்றன. மீண்டும் விலக்கி வைப்பது பெரும்பாடு.

மூன்றாவதாக, உண்மையிலேயே ஒன்றிரண்டு சுரங்கள் மட்டும் விலகியிருந்தால் முதலில் ரீட்டைச் சுத்தம் செய்யுங்கள். நுனியில் படிந்த அழுக்கு நாக்கைக் கனமாக்கிச் சுரத்தை இறக்கும். துடைத்ததும் பாதி வேலை முடிந்துவிடும். அதன் பின்னும் விலகல் இருந்தால்தான் கூர்மையான சிறு கத்தியை எடுக்க வேண்டும். சுரம் ஏற நுனிக்கு அருகே சுரண்ட வேண்டும். சுரம் இறங்க நாக்கு சட்டத்தோடு ஆணியடிக்கப்பட்ட அடிப்பகுதிக்கு அருகே சுரண்ட வேண்டும். நாக்கின் கீழே மெல்லிய பித்தளைத் தகடொன்றைத் தாங்கு கொடுத்து, ஓரிரு கீறல் மட்டும் இட்டு, திருப்பி அறைக்குள் தள்ளி, ஓர்கனின் காற்றிலேயே ஒலித்துப் பாருங்கள். வாயால் ஊதிப் பார்க்கும் சுருதியும் அறைக்குள் வரும் சுருதியும் ஒன்றல்ல. மிதியும் சீராக இருக்க வேண்டும், ஏனெனில் காற்றின் வலு மிகுந்தால் நாக்கின் சுரம் சற்று இறங்கும். சுரண்டிய கை வெப்பத்தாலும் நாக்கு சிறிது மாறும் என்பதால் சில நிமிடங்கள் பொறுத்தே அளவெடுங்கள்.

குழல் ஓர்கனைவிட இந்த எளிய பெட்டி எங்கள் மண்ணுக்குப் பொருந்துவதும் சுருதியில்தான். குழலுக்குள் ஒலிப்பது காற்றுத்தூண். வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அதன் சுருதி அரைச்சுரத்தின் நூறில் மூன்று பங்கு அளவுக்கு ஏறும்; காலைப் பூசைக்கும் உச்சி வெயிலுக்கும் பத்துப் பாகை வேறுபடும் கட்டிடத்தில் அது காதுக்குத் தெளிவாகவே தெரியும். பித்தளை நாக்கோ அந்த வெப்ப மாற்றத்துக்கு மிகச் சிறிதளவே அசைகிறது. ஆகவே நன்றாகச் சுருதி சேர்த்த ஓர்கன் பல ஆண்டுகளுக்குக் கைபடாமல் நிற்கும். ஆண்டுதோறும் சுருதி சேர்க்க வேண்டுமென்று யாராவது சொன்னால் அனுமதிக்க வேண்டாம்.

அறிகுறி: இரைச்சலும் அதிர்வும்

சுரத்தோடு ஒரு ‘ஸ்ஸ்’ அல்லது தகரம் அதிரும் ஒலி வந்தால், ரீட் தன் அறையில் தளர்ந்திருக்கலாம். சோளகக் காலத்தில் இது சாதாரணம். அதன் பக்கவாட்டில் மெல்லிய கடதாசித் துண்டு ஒன்றை வைத்து இறுக்கிப் பாருங்கள். நின்றுவிட்டால் அந்தத் துண்டையே விட்டுவிடலாம். மாரியில் ரீட் வெளியே வர மறுத்தால் அந்தத் துண்டை எடுத்துவிடுங்கள். மிதிகள் கிறீச்சிட்டால் பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டைக் கீல்களில் தேய்த்தால் போதும்.

அறிகுறி: கால்களில் மண் புற்று, பலகை தட்டினால் பொள்ளல் ஒலி

கறையானுக்குக் கழிவு ஒயில் ஊற்றுவது இங்கே வழக்கம். வேலித் தூணுக்கு அது சரி. ஓர்கனுக்கு ஊற்றினால் அந்த எண்ணெய் மரத்தில் ஊறி, துணியையும் தோலையும் அழித்து, வச்சிரம் ஒட்டாதபடி செய்துவிடும். கருவியை வெளியே எடுத்து, ரீட்டுகளை அகற்றி, தின்னப்பட்ட பலகையை மட்டும் மாற்றுங்கள். எங்கள் காட்டு மரங்களான முதிரையும் பாலையும் வலிமையானவை என்று அவற்றைக்கொண்டு உட்பலகை செய்ய ஆசை வரும். அவை கனமானவை, இலேசான மென்மரத்தோடு இணைத்தால் பருவ மாற்றத்தில் இரண்டும் வெவ்வேறு அளவில் அசைந்து இணைப்பைப் பிளக்கும். கால்களுக்கும் பீடப் பலகைக்கும் முதிரையைப் பயன்படுத்துங்கள்; காற்றறைக்குப் பழைய மரத்துக்கு நெருங்கிய, நன்கு உலர்ந்த, வரிச்சீரான மென்மரத்தைத் தேடுங்கள். திருத்திய பின் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் விலக்கி, சீமெந்துத் தரையில் கல்லின் மேல் நிறுத்துங்கள்.

அறிகுறி: உப்புப் பூத்த உலோகம்

2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிய முல்லைத்தீவுக் கரையோரத்தில் நனைந்த கருவிகளுக்கும், உப்புக் காற்று படும் கோயில்களின் கருவிகளுக்கும் இது பொருந்தும். உப்பு இருக்கும்வரை அரிப்பு நிற்காது. ஈரக்காற்று வரும்போதெல்லாம் மீண்டும் தொடங்கும். ரீட்டுகளைச் சுத்தமான மழைநீரில் பலமுறை அலசி, ஒவ்வொரு முறையும் நீரை மாற்றி, நிழலில் உலர்த்துங்கள். நாக்கு செம்பு நிறத்தில் செம்மண் பூசியதுபோல் தோன்றினால் பித்தளையிலிருந்த துத்தநாகம் கரைந்துவிட்டது. அது உறுதி இழந்திருக்கும், சுண்டிப் பார்க்காதீர்கள். வால்வு ஸ்பிரிங்குகளையும் திருகாணிகளையும் பித்தளையிலேயே மாற்றுங்கள்.

அறிகுறி: எல்லாம் செய்தும் ஒரு சுரம் பேசவில்லை

நாக்கின் அடியில் மயிரிழை வெடிப்பு இருக்கிறது, அல்லது நாக்கு முறிந்திருக்கிறது. ஈயம் வைத்துப் பற்றவைத்தால் கனம் கூடி, வெப்பத்தில் உலோகம் தளர்ந்து, அது ஒருபோதும் பழையபடி பேசாது. மீட்க முடியாத வேறோர் ஓர்கனிலிருந்து அதே சுரத்தின் ரீட்டையோ, அரைச்சுரம் கீழேயுள்ள ரீட்டையோ எடுத்து, நுனியைச் சுரண்டி ஏற்றிப் பொருத்தலாம். அதுவும் கிடைக்காவிட்டால், அதிகம் பயன்படாத ஸ்டொப் வரிசையிலிருந்து அதே சுரத்தின் ரீட்டை இரவல் வாங்கி, எங்கிருந்து எங்கே மாற்றினீர்கள் என்று பென்சிலால் உட்பலகையில் திகதியோடு எழுதுங்கள். முறிந்த ரீட்டை எறிய வேண்டாம். அதன் அளவைப் பார்த்துத்தான் இன்னொருவர் புதிதாகச் செய்ய முடியும். கடதாசி உறையில் இட்டு, சுரத்தின் பெயரை எழுதி, மிதிகளுக்குப் பின்னால் எலி எட்டாத உயரத்தில் ஆணியில் தொங்கவிடுங்கள்.